மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா: எந்தத் தீவுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது, ஏன்?

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால், நீலநிறக் கடலுக்கு அப்பால் தட்டையான பச்சைக் கோடுகளாகச் சில தீவுகள் தெரியும். அங்கே போக முடியுமா என்று கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொல்வார்கள். செய்திகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. தீவுக்குப் படகுச் சவாரி உண்டு என்று ஒரு செய்தி வருகிறது. அனுமதியின்றித் தீவில் இறங்கியவர்கள் பிடிபட்டார்கள் என்று இன்னொரு செய்தி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மன்னார் வளைகுடாவில் ஒரு பயணி எங்கே நிற்கிறார், அந்த இடம் எந்த எல்லைக்கு உட்பட்டது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. அந்த எல்லைகளைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

ஒரே கடலுக்கு மூன்று பெயர்கள்

செய்திகளில் மாறி மாறி வரும் மூன்று பெயர்கள் ஒன்றையே குறிப்பவை என்று பலரும் எண்ணுகிறார்கள். அவை மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள்.

1. உயிர்க்கோளக் காப்பகம். 1989-ஆம் ஆண்டு இந்திய அரசு இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையிலான கடலையும் கரையையும் சேர்த்து, 10,500 சதுர கி.மீ. பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2001-ல் இது யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்ந்தது. மீனவர் ஊர்கள், உப்பளங்கள், தூத்துக்குடித் துறைமுகம் என எல்லாமே இதன் பரப்புக்குள் அடங்கும். மனிதர்களை வெளியேற்றுவது இதன் நோக்கமே இல்லை. நடுவில் முழுப் பாதுகாப்புக்குரிய மையப் பகுதி, அதைச் சுற்றிக் கட்டுப்பாடான பயன்பாட்டுக்குரிய பகுதி, அதற்கும் வெளியே வழக்கமான வாழ்க்கை நடக்கும் பகுதி என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பதே உயிர்க்கோளக் காப்பகம் என்ற ஏற்பாட்டின் அடிப்படை.

2. தேசியப் பூங்கா. மேலே சொன்ன மையப் பகுதிதான் இது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசு 1986-ல் இதற்கான அறிவிக்கையை வெளியிட்டது. பரப்பு 560 சதுர கி.மீ. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 160 கி.மீ. நீளத்தில் சிதறிக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் இதில் அடங்கும். நுழைவதற்கு அனுமதி வேண்டும் என்ற விதி இந்தப் பகுதிக்கு உரியது.

3. ராம்சார் ஈரநிலம். 2022-ல் இந்தப் பகுதி, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடலை எப்படி ஈரநிலம் என்று சொல்லலாம் என்று சிலருக்குத் தோன்றும். வற்று நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதியையும் அந்த உடன்படிக்கை ஈரநிலமாகவே கொள்கிறது. இது பன்னாட்டு அங்கீகாரம். பயணிகளின் போக்குவரத்தை இது தானாகத் தடுப்பதில்லை.

இவற்றோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் உண்டு. பவளப்பாறை, அலையாத்திக் காடு, கடற்புல் படுகை, ஆமை முட்டையிடும் கரை ஆகியவற்றை அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைக்கிறது. கரையில் விடுதி கட்டுவோருக்கு இது முக்கியம்; பார்வையாளர் நேரடியாக எதிர்கொள்வது தேசியப் பூங்காவின் விதியைத்தான்.

பூங்காவின் எல்லை கடலில் எங்கே இருக்கிறது?

நிலத்தில் உள்ள பூங்காவுக்கு வேலி இருக்கும், சோதனைச்சாவடி இருக்கும். இங்கே எல்லை நீரின் ஆழத்தைக் கொண்டு வகுக்கப்பட்டிருக்கிறது. தீவிலிருந்து கரையை நோக்கிய பக்கத்தில் மூன்றரைப் பாகம் ஆழம் வரையிலும், திறந்த கடலை நோக்கிய பக்கத்தில் ஐந்து பாகம் ஆழம் வரையிலும் உள்ள நீர் பூங்காவைச் சேர்ந்தது. கைகள் இரண்டையும் விரித்தால் வரும் அளவு ஒரு பாகம், அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர். ஆகவே எல்லை ஒரு பக்கம் ஆறரை மீட்டர் ஆழத்திலும், மறுபக்கம் ஒன்பது மீட்டர் ஆழத்திலும் ஓடுகிறது. மீனவர்கள் இன்றும் பாகக் கணக்கிலேயே ஆழத்தைச் சொல்கிறார்கள் என்பதால், நீருக்குள் ஓடும் இந்த எல்லை வெளியூர்ப் பயணிக்குத் தெரியாவிட்டாலும் படகோட்டிக்குத் தெரியும். தீவில் கால் வைக்கவில்லை, சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்று ஒரு பயணி சொல்வது அவர் பூங்காவுக்குள் நுழையவில்லை என்பதற்குச் சான்றாகாது.

560 சதுர கிலோமீட்டரில் நிலம் என்று சொல்லத்தக்கது எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 21 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு சுமார் ஆறு சதுர கி.மீ. மட்டுமே. மீதி முழுவதும் நீர். இந்தப் பூங்காவின் உண்மையான செல்வமும் நீருக்கடியில்தான் இருக்கிறது.

தீவுகள் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண்டபம் தொகுதியில் குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு முதலிய ஏழு தீவுகள். கீழக்கரைத் தொகுதியில் முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, ஆனைப்பார் முதலிய ஏழு. வேம்பார்த் தொகுதியில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி என மூன்று. தூத்துக்குடித் தொகுதியில் வான், காசுவார், காரியச்சல்லி, விலாங்குச்சல்லி என நான்கு. இவற்றில் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் இப்போது நீர்மட்டத்திற்கு மேல் இல்லை. கணக்கில் 21 என்று எழுதப்படுகிறது. கண்ணுக்குத் தெரிபவை 19.

சட்டம் சொல்வது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு தேசியப் பூங்காக்களைப் பற்றியது. சரணாலயங்களுக்குள் யார் நுழையலாம் என்று கூறும் 27, 28-ஆம் பிரிவுகள் பூங்காக்களுக்கும் பொருந்தும். அனுமதியின்றி நுழையக் கூடாது என்பது பொது விதி. எவற்றுக்காக அனுமதி தரலாம் என்பதையும் சட்டமே குறிப்பிடுகிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே வசிப்பவரோடு சட்டப்படியான அலுவல். சுற்றுலா இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் சுற்றுலாவை முற்றாகத் தடுக்கவில்லை. யார், எந்தத் தீவுக்கு, எப்படிப் போகலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை வனத்துறையிடம் கொடுத்திருக்கிறது. வனத்துறை தானே படகு விட்டு ஒரு தீவைக் காட்டுவதும், தனிப்படகில் பக்கத்துத் தீவில் இறங்கியவரைப் பிடிப்பதும் இந்த ஒரே விதியிலிருந்துதான் வருகின்றன.

நீருக்கடியில் என்ன இருக்கிறது?

கடினப் பவளங்களில் மட்டும் 117 இனங்கள் இந்த வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. ஒட்டுமொத்தமாகத் தாவரங்களும் விலங்குகளுமாக 3,600-க்கு மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. எண்கள் ஒருபுறம் இருக்க, இந்த உயிர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பார்வையாளருக்கான கட்டுப்பாடுகளின் காரணம் விளங்கும்.

பவளம் ஒரு விலங்கு. மெல்லிய சதையுடைய சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன; தலைமுறை தலைமுறையாக அடுக்கிய அந்த வீடுகளே பாறையாகின்றன. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவைச் சமைத்துப் பவளத்திற்குக் கொடுக்கிறது. பவளம் பாசிக்கு இடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதே. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது உள்ளிருக்கும் சுண்ணாம்பு தெரிந்து, பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, முழுவதும் வெள்ளையாகிறது. இதையே பவளம் வெளுத்தல் என்கிறோம். சூடு விரைவில் தணிந்தால் பவளம் மீளும்; நீடித்தால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தல் நேர்ந்தது. 2016-ல் ஏறத்தாழ 16 விழுக்காடு பவளம் மடிந்ததாகத் தூத்துக்குடியைச் சேர்ந்த கடல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்குள்ள பார்களில் பெரும்பாலானவை அரை மீட்டர் முதல் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. பல இடங்களில் ஒரு மனிதன் நின்றால் கால் படும். படகின் நங்கூரம் விழுந்தால் நேரே பவளத்தின் மேல் விழும். எஞ்சினின் விசிறி ஓடினால் அடிமணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். மான்கொம்பு போல் கிளைத்து வளரும் இனங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டையாகத் திரளும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே வளரும். ஒரு குடம் அளவுள்ள பவளத்தை உடைத்தால், அது திரும்ப வளர்வதற்கு ஒரு மனிதனின் இளமைக் காலம் முழுவதும் ஆகிவிடும்.

பவளத்திற்கு அடுத்து கடற்புல். இதைப் பாசி என்று நினைப்பவர்கள் பலர். பாசிக்கு வேர் கிடையாது. கடற்புல்லுக்கு வேரும் பூவும் காயும் உண்டு. இந்தியாவில் உள்ள கடற்புல் இனங்களில் பெரும்பாலானவை மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் காணப்படுகின்றன. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு இந்தப் புல்லைத் தின்றே வாழ்கிறது. அதற்காகவே பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. ஆனால் கடல்பசுவைப் பார்த்துவிட வேண்டும் என்று இங்கே வருவோருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது கூச்சமுள்ள, எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன விலங்கு. வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கே அது அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. அதைக் காட்டுகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டியதில்லை.

கடல் அட்டை, கடல்குதிரை, பவளம் ஆகியவை 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் தரப்படும் அதே பாதுகாப்பில், சேர்க்கப்பட்டன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வதும் குற்றமே. கடையில் விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படியானதாகிவிடாது.

தீவு ஏன் கரைகிறது?

தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு 1980-களின் நடுவில் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் அது சுமார் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. காரியச்சல்லி 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று எஞ்சியிருப்பது சில ஹெக்டேர் மட்டுமே. காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

1. பவளப்பார் தீவுக்கு அரண். அலை முதலில் பாரின் மேல் மோதி வலுவிழக்கிறது. பிறகுதான் மணலைத் தொடுகிறது.

2. பல பத்தாண்டுகளாகப் பவளம் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் வெட்டி எடுக்கப்பட்டது. தூத்துக்குடித் தொகுதியில் இது மிகக் கடுமையாக நடந்தது. 2001-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்கும் சுனாமிக்கும் பிறகே அது ஏறத்தாழ நின்றது.

3. அரண் போனதும் அலை நேரே மணலை அரித்தது. மணல் போனால் செடி போகும். செடியின் வேர் போனால் மணல் இன்னும் விரைவாகப் போகும்.

4. கடல்மட்டம் உயர்வதும், நீர் சூடாகி மிஞ்சிய பவளம் வெளுப்பதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பார்கள், அதாவது துளைகள் உள்ள கான்கிரீட் கட்டமைப்புகள், இறக்கப்பட்டபின் அரிப்பு தணிந்து மணல் ஓரளவு திரும்பச் சேர்ந்தது. காரியச்சல்லியிலும் அதே வழியில் மீட்புப் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது. இந்தத் தீவுகளில் மக்களை இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. இரண்டு ஹெக்டேர் மணல்மேட்டின் மேல் விடுமுறை நாளில் சில நூறு பேர் நடந்தால், மணலைப் பிடித்து வைத்திருக்கும் செடிகளே முதலில் மிதிபடும்.

உண்மையில் எவற்றைப் பார்க்கலாம்?

பூங்காவின் உள்ளேயும் விளிம்பிலும்:

1. குருசடைத் தீவு. இராமேசுவரம் தீவில் பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறையின் ஏற்பாட்டில் படகில் சென்று பார்க்கும் வசதி அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. கடல் உயிரியல் படித்தவர்களுக்கு இது மிகவும் தெரிந்த பெயர். சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-லேயே இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகுநாண் உள்ளவற்றுக்கும் நடுவில் நிற்கும் பலனோகிளாசஸ் என்னும் புழு இங்குள்ள மணலில் வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே இங்கே வந்திருக்கிறார்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைக்கஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, தப்பிப் பரவி இத்தீவைச் சுற்றியுள்ள பவளத்தைப் போர்த்தியதும் இங்கேதான். அதைக் கையால் பிடுங்கி அகற்றும் வேலை இன்றும் முடியவில்லை, ஏனெனில் விட்டுப்போன சிறு துண்டிலிருந்தும் அது மறுபடி தழைக்கிறது.

2. ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன்வலசை. இங்கே ஊர் மக்களை உள்ளடக்கிய குழுவின் துணையோடு வனத்துறை படகுச் சுற்றுலா நடத்துகிறது. கடலின் நடுவே எழும் மணல்திட்டு, கடற்புல், பவளம் ஆகியவற்றை ஒரே பயணத்தில் காணலாம். முதன்முறையாகப் பவளம் பார்க்க விரும்புவோருக்கு இதையே முதலில் பரிந்துரைக்கத் தோன்றுகிறது; படகோட்டுபவரும் வழிகாட்டுபவரும் அந்தக் கடலிலேயே பிழைப்பவர்கள்.

3. தூத்துக்குடியின் முயல் தீவு. பெயரால் வரும் பெரிய குழப்பம் இது. துறைமுகத்தை ஒட்டிச் சாலை வழியாகவே போகக்கூடிய, காணும் பொங்கலன்று தூத்துக்குடி மக்கள் கட்டுச்சோற்றுடன் கூடும் முயல் தீவு ஒன்று. மண்டபத்திற்குத் தெற்கே பூங்காவுக்குள் இருக்கும் முயல் தீவு வேறொன்று. முதலாவதற்குப் போய்வந்தவர் சொன்னதை நம்பி, இரண்டாவதற்குப் படகு தேடுபவர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

பூங்காவுக்கு வெளியே, ஆனால் அதைப் புரிந்துகொள்ள உதவும் இடங்கள் இன்னும் அதிகம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்திற்குப் பதிலாக, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. குந்துகாலில், 1897 சனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் உள்ளது. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டே இயங்கியது.

தனுசுகோடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் இடிந்த தேவாலயம், இரயில் நிலையம் ஆகியவற்றின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை போடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பயணிகள் இடிபாடுகளைப் படமெடுத்து, முனையில் சில நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாலையின் இருபுறமும் இருப்பவற்றை அவர்கள் கவனிப்பதில்லை. தென்புறக் கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. வனத்துறையினர் அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். உட்புறம் உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. 2025 ஜூனில் இந்தப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே பறவையின் அருகே போய்ப் படமெடுக்க வண்டியை மணலில் இறக்குவது இனி வெறும் ஒழுங்கீனம் மட்டுமல்ல, சட்ட மீறலும் ஆகலாம்.

உள்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களே பறவைச் சரணாலயங்களாக இருக்கின்றன: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்தால் போய் ஏமாற வேண்டியதுதான். தொண்டிக்கு அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகில் செல்லும் சுற்றுலா உண்டு. அது பாக் விரிகுடாவில் இருக்கிறது. தேசியப் பூங்காவின் பகுதி அன்று.

காற்றும் காலமும்

இராமேசுவரம் தீவின் இருபுறமும் இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அந்த ஊரில் சொல்வது வழக்கம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழாகும். பூங்கா முழுவதும் தென்கடலில் இருப்பதால், கச்சான் மாதங்களில் படகு நிறுத்தப்படுவது சாதாரணம். படகு போனாலும் நீர் கலங்கிப் பவளம் தெரியாது. புயல் காலம் ஓய்ந்த சனவரி முதல் மார்ச் வரை உள்ள நாட்களே ஏற்றவை. அரிச்சல்முனையில் நீர் எந்த மாதத்திலும் குளிக்கத் தக்கதில்லை. அங்கே நீரோட்டம் கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத வேகத்தில் ஓடுகிறது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை குறைவு. மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி வனச்சரக அலுவலகங்களில் அன்றைய நிலையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். சீட்டு இல்லாமல் தீவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லும் படகை மறுத்துவிட வேண்டும்; பிடிபட்டால் படகுக்காரரின் பிழைப்பும் சேர்ந்தே போகும். நீரில் இறங்க அனுமதி உள்ள இடத்திலும் பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது.

தடையின் சுமை யார் மேல்?

பார்வையாளரைப் பற்றிய பேச்சில் வழக்கமாக விடுபட்டுப் போகும் ஒரு பகுதி இருக்கிறது. பூங்கா அறிவிக்கப்படுவதற்கு முன்பே பல தலைமுறைகளாக இந்தத் தீவுகளைச் சுற்றிப் பிழைத்தவர்கள் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய பாசிகளை எடுத்து விற்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசியைக் கையால் பறித்து இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கும் வேலை அது. அகர் என்னும் கூழ்ப்பொருள் செய்ய மரிக்கொழுந்து போகிறது. பூங்காவின் விதி கடுமையாக்கப்பட்டபின் இவர்கள் அத்துமீறுபவர்களாக நடத்தப்பட்டார்கள். மாதத்தில் இத்தனை நாள் மட்டுமே எடுப்பது, பாசி வளரும் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு விதித்துக்கொண்டவர்களும் இவர்களில் உண்டு.

தேசியப் பூங்கா அமைக்கும்போது அங்கே ஏற்கெனவே உள்ள உரிமைகளை விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று அதே வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. அந்தக் கேள்வி இந்தப் பெண்களுக்கு மனநிறைவு தரும்படி தீரவில்லை. அப்படியிருக்க, மூழ்கிப் பாசி எடுப்பவரை விலக்கி வைத்துவிட்டு, படம் எடுக்க வருபவருக்குப் படகு விடுவது நியாயமாகுமா என்று அவர்கள் கேட்டால், பாதுகாப்பு என்ற ஒரு சொல் மட்டும் அதற்கு விடையாகாது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, கரையோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். பிச்சைமூப்பன்வலசையைப் போல ஊர்க் குழுவின் கையில் சுற்றுலா இருக்கும் இடங்களில் பயணியின் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்கே போகிறது. பார் கெட்டால் வருமானமும் கெடும் என்பதால் அதைக் காப்பதில் ஊருக்கே அக்கறை வருகிறது.

ஆகவே இனி இன்னொரு தீவைப் பயணிகளுக்குத் திறக்கும் யோசனை வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற வரம்பு அந்தத் தீவின் மணலையும் பாரையும் அளந்தபின் வகுக்கப்பட்டதா? வெளுத்தல் நேரும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் படகுகள் நிறுத்தப்படுமா? அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊரின் பெண்களுக்கும் நாட்டுப்படகு மீனவர்களுக்கும் அந்தக் கடலில் என்ன உரிமை என்பது எழுத்தில் தீர்மானிக்கப்பட்டதா? இவை மூன்றுக்கும் விடை கையில் இல்லாமல் படகுத்துறை கட்டத் தொடங்குவதை எந்தத் தொகுதியின் தீவுகளுக்கும் ஏற்க முடியாது.